கேனன் 200டி-க்கு போர்ட்ரெயிட் லென்ஸ்: ஐம்பதா, எண்பத்தைந்தா?

முற்றம்:
வணக்கம். கையில் இருப்பது கேனன் 200டி கேமரா, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், பிறகு தனியாக வாங்கிய 55-250 எஸ்டிஎம் ஜூம் லென்ஸ். எடுப்பது பெரும்பாலும் ஆட்களைத்தான். அக்கா பிள்ளைகள், சந்தையில் காய் விற்பவர்கள், எப்போதாவது சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு, காதுகுத்து. காசுக்கு எடுப்பதில்லை, போகப் போக எடுக்கலாமா என்ற ஆசை மட்டும் இருக்கிறது. பின்னால் இருப்பது கரைந்து ஆள் மட்டும் எடுப்பாக நிற்க வேண்டும். கிட் லென்ஸில் அது வரவே மாட்டேன் என்கிறது, சுவரில் தொங்கும் காலண்டரில் தேதி வரைக்கும் படிக்க முடிகிறது.

கேட்ட இடத்திலெல்லாம் பாதிப் பேர் 50 எம்எம் 1.8 எஸ்டிஎம் வாங்கு என்கிறார்கள். மீதிப் பேர் 85 எம்எம் 1.8தான் போர்ட்ரெயிட் லென்ஸ், ஐம்பதை வாங்கினால் அதை விற்றுவிட்டு கடைசியில் இதற்குத்தான் வருவாய் என்கிறார்கள். விலையிலோ பல மடங்கு வித்தியாசம். பொறுத்திருந்து 85 வாங்குவதா, இப்போதே 50-ஐ வாங்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பதா? இரண்டையும் வைத்து எடுத்தவர்கள் சொன்னால் நல்லது.

மண்டபம்:
85. யோசிக்கவே வேண்டாம் ப்ரோ. கல்யாணத்துக்குப் போகும்போது என் பையில் எது இல்லாவிட்டாலும் அது இருக்கும். மேடைக்குக் கீழே நின்றுகொண்டே பெண்ணின் முகத்தை மட்டும் பிடிக்கலாம், பின்னால் சீரியல் பல்பெல்லாம் வட்டம் வட்டமாகக் கரைந்து நிற்கும். 50-ல் அந்த லுக் வராது.

நெகட்டிவ்:
85-க்கே என் ஓட்டும். ஐம்பது என்பது கற்றுக்கொள்கிறவர்களுக்கான பிளாஸ்டிக்.

பழைய பிலிம்:
மண்டபம் தம்பி, உங்கள் கையில் இருப்பது என்ன கேமரா பாடி என்று சொல்லவில்லையே. ஃபுல் ஃபிரேமாகத்தான், அதாவது பெரிய சென்சார் உள்ளதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மண்டபம்:
ஆமாம் சார், 6டி மார்க் 2.

பழைய பிலிம்:
அங்கேதான் இருக்கிறது விஷயம். முற்றம் வைத்திருப்பது கிராப் பாடி. படம் விழும் சென்சார் சின்னது, கேனனில் கணக்கு 1.6, லென்ஸின் நீளத்தை அதால் பெருக்கிப் பார்க்க வேண்டும். உங்கள் 6டி-யில் 85 காட்டுகிற அளவைத்தான் அவருடைய 200டி-யில் 50 காட்டும், 80-க்குச் சமம். அவர் 85-ஐப் போட்டால் அது உங்கள் பாடியில் 136 போட்டது மாதிரி. நீங்கள் சொல்கிற "அந்த லுக்" கிடைக்க அவர் எங்கே போய் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

கேமராவை நிமிர்த்திப் பிடித்து ஒரு ஆளை நெஞ்சு வரைக்கும் எடுக்கிறோம் என்று வையுங்கள், படத்தின் உயரத்துக்குள் ஏறக்குறைய 60 செ.மீ. வர வேண்டும். 200டி-யில் 50 எம்எம் போட்டால் ஆளிடமிருந்து 1.4 மீட்டர், அதாவது நாலரை அடி. 85 போட்டால் 2.4 மீட்டர், எட்டடி. இது பரவாயில்லை. இடுப்புக்கு மேல், ஒரு மீட்டர் உயரம் வேண்டும் என்றால் ஐம்பதுக்கு ஏழரை அடி, எண்பத்தைந்துக்குப் பதின்மூன்று அடி. முழு உருவம், தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு இரண்டு மீட்டர் என்றால் ஐம்பதுக்குப் பதினைந்து அடி, எண்பத்தைந்துக்கு இருபத்தைந்து அடி. மண்டபம் தம்பிக்கு அதே 85-ல் பதினாறு அடியில் முழு உருவம் வந்துவிடும். அதனால்தான் அவர் மேடைக்குக் கீழே நின்றுகொண்டு சந்தோஷமாக எடுக்கிறார்.

முற்றம், உங்கள் வீட்டு முன்னறை எத்தனை அடி?

முற்றம்:
10-க்கு 12 சார். அதிலும் ஒரு பக்கம் பீரோ, ஒரு பக்கம் கட்டில்.

பழைய பிலிம்:
பீரோவைத் தள்ளிவிட்டு நின்றாலும் 85-ல் இடுப்புக்கு மேல் எடுக்க முடியாது. குழந்தை தவழ்ந்து உங்களை நோக்கி வந்தால் அதுவும் போச்சு, 85 எம்எம் யுஎஸ்எம் 0.85 மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. 50 எஸ்டிஎம் 0.35 மீட்டர் வரைக்கும் வரும், மடியில் கிடக்கும் குழந்தையின் முகத்தையும் எடுத்துவிடலாம்.

நெகட்டிவ்:
சார், தூரக் கணக்கெல்லாம் சரி. ஆனால் 50 எப்போதும் 50தானே? கிராப்பில் போட்டதால் அது 80 ஆகிவிடாது, ஓரத்தை வெட்டிக் காட்டுகிறது, அவ்வளவுதான். 85-ன் கம்ப்ரெஷன் எங்கிருந்து வரும்? நீளமான லென்ஸில்தான் மூக்கு அடங்கி முகம் அழகாக விழும். ஐம்பதில் எடுத்தால் மூக்கு முன்னால் வந்து நிற்கும்.

ஒளிவட்டம்:
இந்த கம்ப்ரெஷன் பேச்சை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காது. முகத்தின் வடிவத்தை லென்ஸ் தீர்மானிப்பதில்லை, நீங்கள் நிற்கிற தூரம்தான் தீர்மானிக்கிறது. லென்ஸ் செய்வது அந்தத் தூரத்திலிருந்து எவ்வளவு அகலத்தை வெட்டிக் கொடுப்பது என்பதை மட்டும்.

மூக்கு நுனியிலிருந்து காது வரை 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கிட் லென்ஸை 18-ல் வைத்து நெஞ்சு வரை எடுக்கப் போனால் ஆளிடமிருந்து அரை மீட்டரில் நிற்க வேண்டி வரும். அங்கே கேமராவுக்கு மூக்கு 50 செ.மீ., காது 62 செ.மீ. காதோடு ஒப்பிட்டால் மூக்கு 24 சதவீதம் பெரிதாக விழுகிறது. முகம் குடமிளகாய் மாதிரி ஆவது இதனால்தான், செல்ஃபியிலும் இதே கதை. 1.4 மீட்டருக்குப் பின்வாங்கினால் வித்தியாசம் எட்டரை சதவீதம். 2.4 மீட்டரில் 5 சதவீதம். 24-லிருந்து எட்டரைக்கு வருவது யார் கண்ணுக்கும் தெரியும். எட்டரையிலிருந்து ஐந்து என்பது இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்தால் உண்டு.

200டி-யில் ஐம்பதும் மண்டபத்தின் ஃபுல் ஃபிரேமில் 85-ம் ஏறக்குறைய ஒரே தூரத்தில் நிற்க வைக்கின்றன, அதனால் முகமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் விழும். ஓரத்தை வெட்டிக் காட்டுகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் நெகட்டிவ், அந்த வெட்டுதான் நம்மைப் பின்னால் போய் நிற்க வைக்கிறது.

நெகட்டிவ்:
சரி, மூக்கு விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன். பிளர்? பிளரில் 85-தான் ராஜா, இதில் கணக்குப் போட்டு மறைக்க முடியாது.

ஒளிவட்டம்:
மறைக்கவில்லை, 85 கூடத்தான். எவ்வளவு கூட, எப்போது கூட என்பதுதான் கேள்வி. இதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்.

ஒன்று, ஆளின் மேல் எவ்வளவு ஆழம் ஷார்ப்பாக இருக்கிறது. ஒரே பாடியில், ஆள் படத்தில் ஒரே அளவில் விழும்படி எடுத்தால், ஒரே அப்பர்ச்சரில் (1.8, 5.6 என்கிறோமே, அந்த எஃப் எண்; எண் சின்னதானால் துளை பெரிது) 50-க்கும் 85-க்கும் இது ஏறக்குறைய ஒன்றுதான். 200டி-யில் நெஞ்சு வரைக்கும் எடுக்கும்போது 1.8-ல் இரண்டிலும் சுமார் 5 செ.மீ. நிறையப் பேர் இதை நம்ப மாட்டார்கள், எந்த ஆழக் கணக்கு ஆப்பில் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது, பின்னால் இருப்பது எவ்வளவு கரைகிறது. இங்கேதான் 85 ஜெயிக்கிறது. லென்ஸின் நீளத்தை எஃப் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் உள்ளே போகும் துளையின் அகலம் கிடைக்கும். 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் 28 மி.மீ., 85-ஐ வகுத்தால் 47 மி.மீ. கிட் லென்ஸ் 55-ல் 5.6 வைத்தால் வெறும் 10 மி.மீ. பின்புலம் ரொம்பத் தூரத்தில் இருந்தால் கரைவது இந்த அகலத்தின் விகிதத்திலேயே இருக்கும்.

ஆனால் நம் வீடுகளில் பின்புலம் ரொம்பத் தூரத்திலா இருக்கிறது? ஆளுக்குப் பின்னால் சுவர் அரை மீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். சுவரில் உள்ள ஒரு புள்ளி, ஆள் நிற்கிற இடத்தில் வைத்து அளந்தால், கிட் லென்ஸில் இரண்டரை மி.மீ. அகலத்துக்குப் பரவும். 50-ல் 7 மி.மீ., 85-ல் 8 மி.மீ. இந்த ஒரு மில்லிமீட்டருக்குத்தான் அவ்வளவு காசையும் கொடுக்கப் போகிறீர்கள். அதே ஆளைச் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் முன்னால் கூட்டிக்கொண்டு வந்தால் கிட் லென்ஸிலேயே ஏழரை மி.மீ. வந்துவிடும், அதாவது சுவரை ஒட்டி நிற்பவரை 50-ல் எடுத்ததற்குக் குறைவில்லாமல். அங்கே 50-க்கு 22, 85-க்கு 32.

முற்றத்தின் காலண்டரில் தேதி தெரிவதற்கு லென்ஸ் பாதிக் காரணம்தான். மாமியார் வீட்டுச் சுவரை ஒட்டி உட்கார வைத்துத்தானே எடுத்திருப்பீர்கள்?

முற்றம்:
அம்மா வீட்டுச் சுவர் அக்கா. ஆனால் ஒட்டித்தான் உட்கார வைத்தேன், மறுக்க மாட்டேன்.

மண்டபம்:
ஒளிவட்டம் மேடம், அப்படிப் பார்த்தால் அவரிடம் இருக்கும் 55-250-லேயே போர்ட்ரெயிட் எடுக்கலாமே? 250-ஐ 5.6-ஆல் வகுத்தால் 44 மி.மீ.க்கு மேல் வருகிறது. என் 85-ஐத் தொட்டுவிட்டது.

ஒளிவட்டம்:
எடுக்கலாம், தூரத்துப் பின்புலத்துக்கு நன்றாகவே வரும். வயல், கண்மாய்க் கரை, கடற்கரை மாதிரி இடங்களில் 250-ல் நெஞ்சு வரைக்கும் எடுத்துப் பாருங்கள், 85 லென்ஸ் வாங்கிவிட்டீர்களா என்று ஊரில் கேட்பார்கள். ஏழு மீட்டர் தள்ளி நின்று சத்தம் போட்டுப் பேச வேண்டும், அது ஒன்று. சுவர் அரை மீட்டரில் இருந்தால் அதே 250-ல் 3 மி.மீ.தான், கிட் லென்ஸைவிடக் கொஞ்சம் மேல். அப்புறம் 5.6 என்பதால் வெயில் சாய்ந்த பிறகு ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன், ஏற ஏறப் படத்தில் மணல் விழும்) ஏறிக்கொண்டே போகும். 1.8-க்கும் 5.6-க்கும் நடுவில் மூன்று ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்) மேல் இருக்கிறது, ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம். வளைகாப்பு வீட்டு ஹாலில் ட்யூப் லைட்டில் எடுப்பவருக்கு பிளரைவிட இதுதான் பெரிய விஷயம்.

முற்றம், காசு கொடுப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். 18-55-ஐ 50-ல் நிறுத்தி ஒரு செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள், 55-250-ஐ 85-ல் நிறுத்தி ஒட்டிவிடுங்கள். பிளரைப் பார்க்காதீர்கள், எங்கே நிற்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். வீட்டில், சந்தையில், விசேஷத்தில். கணினியில் பழைய படங்களின் எக்ஸிஃப்-ஐயும் (படத்தோடு கேமரா பதிந்து வைக்கும் விவரம்) திறந்து பாருங்கள், மனதுக்குப் பிடித்த முகங்களை எந்த நீளத்தில் எடுத்திருக்கிறீர்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பழைய பிலிம்:
போர்ட்ரெயிட்டுக்கு என்று தனியாக லென்ஸ் வந்ததே வெளிச்சத்துக்காகத்தான். 1840-ல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் கணக்குப் போட்டுக் கொடுத்த லென்ஸ், ஃபாய்க்ட்லேண்டர் செய்து விற்றது, அப்பர்ச்சர் ஏறக்குறைய 3.6. அதற்கு முன்னால் டாகெரோடைப் (வெள்ளி பூசிய தகட்டில் எடுக்கும் ஆரம்பகாலப் படம்) எடுக்க ஆள் நிமிடக் கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும், தலை ஆடாமல் இருக்கப் பின்னால் இரும்புக் கவை வைத்துப் பிடிப்பார்கள். அந்த லென்ஸில் நடு மட்டும் கூர்மையாக இருக்கும், ஓரம் சுழன்று போகும். அன்றைக்கு அது குறை. இன்றைக்கு அந்தச் சுழலுக்காகவே தேடித் தேடி வாங்குகிறார்கள்.

பிளர் மட்டும்தான் போர்ட்ரெயிட் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. நேஷனல் ஜியாகிரஃபிக் 1985 ஜூன் அட்டையில் வந்த பச்சைக் கண் சிறுமி படம் எல்லோருக்கும் தெரியும். ஸ்டீவ் மெக்கரி 1984-ல் பெஷாவர் பக்கத்து அகதி முகாமில் எடுத்தது, நிக்கான் எஃப்எம்2, 105 எம்எம் 2.5 லென்ஸ், கோடக்குரோம் ஃபிலிம். பின்னால் என்ன இருக்கிறது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வெறும் பச்சை. கரைப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. பள்ளிக்கூடக் கூடாரத்துக்குள் வெளிச்சம் எப்படி விழுந்தது, பெண் எங்கே பார்த்தாள், அதுதான் அந்தப் படம்.

நெகட்டிவ்:
சார், 105 ஃபுல் ஃபிரேமில். கிராப்பில் கணக்குப் பார்த்தால் 65 வருகிறது. ஐம்பதுக்கும் எண்பத்தைந்துக்கும் நடுவில் போய் நிற்கிறதே!

பழைய பிலிம்:
அதற்கும் ஆள் இருக்கிறது. கேனன் இஎஃப்-எஸ் 60 எம்எம் 2.8 மேக்ரோ (மிகக் கிட்டே எடுப்பதற்கான லென்ஸ்), 2005-ல் வந்தது. 200டி-யில் 96-க்குச் சமம். செகண்ட் ஹேண்டில் நல்லதாக அமைந்தால் முகத்துக்கும் ஆகும், நகைக்கும் ஆகும், பூச்சிக்கும் ஆகும். 2.8தான், அதனால் இருட்டில் ஐம்பது அளவுக்குத் தாங்காது. முற்றத்துக்கு இது முதல் லென்ஸ் இல்லை.

வலிகாமம்:
வணக்கம் அண்ணைமார். நான் யாழ்ப்பாணத்திலிருந்து. பெட்ஸ்வால் சுழலைப் பற்றி ஐயா சொன்னதால் ஒரு சொல். அந்தச் சுழல் மலிவாக வேண்டுமென்றால் சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2 இருக்கிறது, 58 எம்எம், எஃப் 2, எம்42 என்ற திருகு மவுண்ட். கேனன் கமராவுக்கு ஒரு சின்ன வளையம் போட்டால் தூரம் வரைக்கும் ஃபோகஸ் வரும். நிக்கான் எஃப் மவுண்டுக்குக் கண்ணாடி இல்லாத வளையம் போட்டால் தூரத்துக்கு வராது, வாங்குபவர்கள் அதைக் கவனியுங்கள். பின்னுக்கு இலைகளும் இடையிடையே வெளிச்சப் புள்ளிகளும் இருந்தால்தான் சுழல் தெரியும், வெறுஞ்சுவரில் ஒன்றும் தெரியாது. கையால்தான் ஃபோகஸ், ஓடித் திரியும் பிள்ளைகளுக்குச் சரிவராது. கிராப் கமராவில் ஓரம் வெட்டுப்படுவதால் சுழலும் பாதிக்கு மேல் போய்விடும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாவித்த லென்ஸ் எதுவாக இருந்தாலும், கடற்கரை ஊர்களில் வாங்குபவர்கள் முதலில் ஃபங்கஸ் பாருங்கள். ஃபோனின் டோர்ச்சை ஒரு பக்கத்தால் அடித்து மறுபக்கத்தால் சரித்துப் பார்த்தால் சிலந்தி நூல் போல ஓடியிருக்கும். தூசு நாலைந்து இருந்தால் படத்துக்கு ஒன்றும் ஆகாது, நூல் இருந்தால் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். பழைய லென்ஸில் அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்றும் திறந்து மூடிப் பாருங்கள். வாங்கியபின் தோல் உறைக்குள் மூடி அலமாரியில் வைப்பதைப் போல லென்ஸுக்குக் கெடுதல் வேறு இல்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

மண்டபம்:
வலிகாமம் சொன்னது நூற்றுக்கு நூறு. செகண்ட் ஹேண்டில் எனக்கு ஒருவர் விற்கப் பார்த்த 85, டார்ச் அடிக்காமல் பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. அடித்ததும் பேச்சு முடிந்தது.

அப்புறம் 85 பற்றி நானே ஒன்று சொல்லிவிடுகிறேன், அதை வைத்துக் குடும்பம் நடத்துகிறவன் என்பதால். அது 1992-ல் வந்த டிசைன். 1.8-ல் முழுதாகத் திறந்து வெயிலில் எடுத்தால் வேட்டி ஓரத்திலும் நகை ஓரத்திலும் ஊதாக் கோடு ஓடும். 2.8-க்கு மூடினால் பெருமளவு அடங்கிவிடும். ஃபோகஸ் வேகத்தில் மட்டும் ஐம்பது எஸ்டிஎம் அதன் பக்கத்தில் வராது, பெண் அழைப்பில் ஆட்கள் நடந்து வரும்போது அது தெரியும்.

டி5600:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், நிக்கான்காரர்களுக்கு இதே கேள்விக்கு என்ன பதில்? 50 எம்எம் 1.8டி ரொம்ப மலிவாகக் கிடைக்கிறது, எடுக்கலாமா?

ஒளிவட்டம்:
எடுக்காதீர்கள். டி5600, டி3500 பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. 1.8டி அவற்றில் மாட்டும், படமும் எடுக்கும், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். ஏஎஃப்-எஸ் என்று போட்ட 50 எம்எம் 1.8ஜி-க்குள் மோட்டார் இருக்கிறது, அதை வாங்குங்கள். டி7500 வைத்திருந்தால் 1.8டி-யும் ஓடும். மற்ற கணக்கெல்லாம் மேலே சொன்னதுதான், 1.6-க்குப் பதில் 1.5.

முற்றம்:
டேப் ஒட்டிப் பார்த்தேன் அக்கா. வீட்டில் 85-ல் பின்வாங்கிப் பின்வாங்கி பீரோ கைப்பிடி முதுகில் குத்தியதுதான் மிச்சம், அக்கா மகள் தலை மட்டும் வருகிறது, கையில் இருக்கிற பொம்மை வரவில்லை. 50-ல் பொம்மையும் வந்தது, அவளும் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால் பேச்சுக் கொடுத்துச் சிரிக்க வைக்க முடிந்தது. சந்தையில் நேர்மாறு. கடைக்காரர்களுக்கும் எனக்கும் நடுவில் தக்காளிக் குவியல், வெங்காய மூட்டை எல்லாம் இருப்பதால் 50-ல் எடுத்தால் படத்தில் காய்தான் நிறைகிறது, ஆள் அதற்குப் பின்னால் சின்னதாக இருக்கிறார். 85 கச்சிதம். பாதிப் பேர் நான் எடுப்பதையே கவனிக்கவில்லை, வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பாட்டியின் கை நன்றாக வந்திருக்கிறது.

எக்ஸிஃப் பார்த்ததில் வீட்டுப் படங்களில் பெரும்பாலானவை 35-லிருந்து 55-க்குள் இருக்கின்றன. சந்தைப் படங்கள் 80-லிருந்து 130 வரை. இப்போது இன்னும் குழப்பம்.

பழைய பிலிம்:
குழப்பமே இல்லை. சந்தை பகல் வெளிச்சத்தில் நடக்கிறது, அங்கே 55-250 போதும், ஜூமும் உதவும். வீட்டுக்குள் வெளிச்சம் இல்லை, இடமும் இல்லை, அங்கேதான் உங்களிடம் இப்போது லென்ஸ் இல்லை. ஐம்பதை வாங்குங்கள். 85-க்குச் சேர்க்கிற காசைத் தொடாமல் அப்படியே விடுங்கள், அடுத்த பாடி மிரர்லெஸ்ஸாக (உள்ளே கண்ணாடி இல்லாத வகை) இருந்தால் கேனனின் ஆர்எஃப் மவுண்ட் 85 எம்எம் எஃப் 2 பக்கம் போகலாம். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் உண்டு, 0.35 மீட்டர் வரைக்கும் கிட்டே வரும், பாதி மேக்ரோ. ஐம்பதையும் தூக்கிப் போட வேண்டாம், கேனன் அடாப்டர் போட்டால் ஆர் பாடிகளில் ஆட்டோஃபோகஸோடு ஓடும்.

நெகட்டிவ்:
நான் 85-க்குப் போட்ட ஓட்டைத் திரும்பப் பெறவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். ஃபுல் ஃபிரேம் வாங்கும் நாளில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒளிவட்டம்:
வாங்கின முதல் வாரம் எல்லாப் படத்தையும் 1.8-ல்தான் எடுப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான். கண் ஷார்ப்பாக இல்லை, லென்ஸ் கோளாறு என்று இங்கே வந்து எழுதுவதற்கு முன்னால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். 5 செ.மீ. ஆழம் என்றால் முன்னால் இரண்டரை, பின்னால் இரண்டரை. ஃபோகஸ் மூக்கு நுனியில் விழுந்தால் கண் தப்பிவிடும். 200டி-யின் வியூஃபைண்டரில் 9 ஃபோகஸ் புள்ளிகள்தான், நடுவில் இருப்பது மட்டும்தான் கிராஸ் டைப், அதாவது குறுக்கிலும் நெடுக்கிலும் பார்ப்பது. நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்து, பாதி அழுத்திக்கொண்டே கேமராவைத் திருப்பி ஃபிரேம் வைத்தால், திருப்பும்போதே அந்த இரண்டரை செ.மீ.யில் கொஞ்சம் போய்விடும். கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளியைத் தேர்ந்தெடுத்து எடுங்கள், இல்லையென்றால் லைவ் வியூவுக்குப் போய்த் திரையில் கண்ணைத் தொடுங்கள். 200டி-யில் டூயல் பிக்சல் இருப்பதால் சென்சாரே ஃபோகஸ் பார்க்கிறது, முன்னே பின்னே தள்ளி விழும் பிரச்சினை அதில் வராது. வியூஃபைண்டரில் மட்டும் தொடர்ந்து தள்ளி விழுந்தால் அதைச் சரிசெய்யும் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் அந்த பாடியில் கிடையாது.

ஒரு ஆள் என்றால் 2.2, 2.5-க்கு மூடுங்கள், வெளிச்சம் இருந்தால் 2.8. ஆழம் 8 செ.மீ. ஆகிவிடும், இரண்டு கண்ணும் வந்துவிடும். இரண்டு பேர் தோளோடு தோள் நின்றால் 4-க்குக் குறையாதீர்கள். ஷட்டர் 1/100-க்குக் கீழே வேண்டாம், இந்த லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இல்லை. பிள்ளைகள் என்றால் 1/250. ஐஎஸ்ஓ 1600 போனாலும் போகட்டும், கொஞ்சம் மணல் விழுந்த படத்தைப் பார்க்க முடியும், ஆடிப்போன படத்தை என்ன செய்வது.

முற்றம்:
ஐம்பதையே ஆர்டர் போட்டுவிட்டேன். புதுசுதான், செகண்ட் ஹேண்டில் கிடைத்ததெல்லாம் பழைய வெர்ஷன் 2, அதில் அப்பர்ச்சர் இதழ் ஐந்துதான், பின்னால் பல்புகள் ஐங்கோணமாக விழும் என்று படித்தேன். எஸ்டிஎம்-மில் ஏழு. வேறு ஏதாவது கூடவே வாங்க வேண்டுமா? கடையில் யூவி ஃபில்டர் போட்டே ஆக வேண்டும் என்கிறார்கள்.

மண்டபம்:
ஃபில்டரைத் தலையில் கட்டத்தான் பார்ப்பார்கள், லாபம் அதில்தான். மலிவு ஃபில்டர் போட்டால் இரவில் பல்பு ஒவ்வொன்றுக்கும் இன்னொரு பேய் பல்பு படத்தில் வரும். அந்தக் காசுக்கு ஹுட் (லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பு) வாங்குங்கள், பெட்டிக்குள் வராது, தனியாகத்தான் வாங்க வேண்டும், இஎஸ்-68 என்று கேளுங்கள். பக்கத்து வெளிச்சம் உள்ளே அடிக்காது, எங்கேயாவது இடித்தால் முதல் அடியும் அதற்குத்தான். லென்ஸ் ஃபோகஸ் ஆகும்போது முன்பகுதி வெளியே நீளும், நீண்டபடியே ஆஃப் செய்து பையில் திணிக்காதீர்கள். கேமராவை அணைத்துவிட்டால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினாலும் ஒன்றும் நடக்காது, முன்பகுதி உள்ளே போய்விட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

டி5600:
நிக்கான் 50 1.8ஜி-க்கு ஹுட் பெட்டியிலேயே வருமா?

மண்டபம்:
வரும். நிக்கான்காரர்களுக்கு அந்த ஒரு சந்தோஷம்.